இடப்பக்கம் நின்ற தண்ணீர்

பேய், முனி, காற்றுக்கருப்பு என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வருகிற ஆள் நான். தோட்டத்து முனீஸ்வரன் கோயிலுக்கு மற்றவர்கள் பயபக்தியோடு சேவலைத் தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் நான் அந்தச் சேவலின் குழம்பைப் பற்றி மட்டுமே நினைத்தவன். லாரி ஓட்டிப் பிழைத்தவனுக்குக் கையில் ஸ்டியரிங், காலடியில் பிரேக். இரண்டும் சொன்னபடி கேட்டால் சாமி, கேட்காவிட்டால் பேய், அவ்வளவுதான் என் வேதாந்தம். ஆகவே இனி எழுதப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இன்னொருவன் எழுதி நான் படித்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அதுவும் இது இருட்டில் நடந்ததில்லை. தலைக்கு மேல் சூரியன் நிற்க, செம்மண் புழுதி பறக்க, பட்டப்பகலில் நடந்தது. ராத்திரியாக இருந்திருந்தால் கண்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மலாயாவின் கெடாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஜெராய் மலையின் அடிவாரத்தில் எங்கள் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். துரைமார்கள் ஓடிப்போயிருந்தார்கள், மரங்கள் சீவுவாரில்லாமல் காடு மண்டிக்கொண்டிருந்தன, பால் வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. வெளிக்காட்டுக் கொட்டகைகளிலிருந்து ஆலைக்குப் பால் ஏற்றிப்போன தொட்டி லாரி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஓட்டியவன் நான். பால் நின்றுபோன பிறகு அந்த லாரிக்கு ஜப்பான்காரன் வேறு வேலை வைத்தான். மெர்போக் ஆறு கடலில் விழுகிற தஞ்சோங் டாவாயில் கரையோரம் பதுங்குகுழி வெட்ட ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர். ஆகவே எங்கள் மலை ஓடையிலிருந்து குடிநீர் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே ஊற்றவேண்டும். தினமும் ஒரு நடை.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. நீள்உருண்டையான இரும்புத் தொட்டி. உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது. தடுப்பு வைத்தால் மூலைகளில் பால் உறைந்து கட்டிக்கொள்ளும், சுரண்டி எடுக்கமுடியாது என்று வழவழவென்று ஒரே குழியாகச் செய்திருந்தார்கள். பாலை எப்போதும் கழுத்துவரை நிரப்பித்தான் கொண்டுபோவோம், அதனால் அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. ஆனால் இப்போது பெட்ரோல் இல்லை. லாரியின் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினோம். புகையில் ஓடுகிற எஞ்சினுக்கு எங்கிருந்து வரும் பலம்? முழுத் தொட்டியை மேட்டில் இழுக்காது. ஆகவே பாதித் தொட்டி.

முழுத் தொட்டி சாது. காலித் தொட்டி அதைவிடச் சாது. பாதித் தொட்டிதான் மிருகம். பிரேக்கை மிதித்தால் லாரி நிற்கும், தண்ணீர் நிற்காது. முன்சுவரில் வந்து மோதி வண்டியை இன்னும் ஒரு முழம் தள்ளும், பிறகு திரும்பிப்போய்ப் பின்சுவரில் மோதும். வளைவில் திரும்பினால் எதிர்ப்பக்கச் சுவரில் ஏறும். ஏறியது இறங்கும் அல்லவா, அந்த இறக்கம்தான் எமன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும் நேரத்தில் தண்ணீரும் அதே பக்கம் வந்து விழுந்தால் கதை முடிந்தது. தண்ணீருக்கென்று ஒரு நடை உண்டு, அது உங்கள் நடையாக இருக்காது. அந்த நாட்களில் நான் முதுகால்தான் லாரி ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால் எப்போது தள்ளு வரும் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன்.

அதை அடக்கினவன் என் தம்பி மாரி. அவன்தான் எனக்குக் கெலிண்டான், லாரியின் கையாள். கரி போடுவது, மூடி திறப்பது, பின்படியில் தொற்றிக்கொண்டு வருவது எல்லாம் அவன் வேலை. பால் வாளி சுமக்கிற பெண்கள் வாளிக்குள் ஓர் இலைக்கொத்தைப் போட்டுக்கொள்வார்கள், நடக்கும்போது தளும்பாது. மாரி அதைப் பார்த்துவிட்டு, தொட்டிக்கும் அதையே செய்யலாம் என்றான். வாழைத்தண்டுகளை மூடியின் வாய்க்குள் போகும் அளவுக்கு வெட்டிப் போட்டான். தண்ணீரின் மேற்பரப்பு முழுக்க ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்டுகள் மிதந்தன, அலை எழும்ப இடமில்லை. சடக்கோரமாக நடந்துபோகிற பெண்கள் எங்களைப் பார்த்து, தண்டுக்கூட்டு போகுது, பந்தி எப்போ என்று கேலி பேசினார்கள். “கல்யாணப் பொண்ணு யாருன்னு சொல்லுங்க, எலை போட்டுடலாம்” என்று மாரி படியில் நின்று கத்துவான். அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வளைவு வரும்போதெல்லாம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு உள்ளங்கையைத் தொட்டியின் மேல் அழுத்தி வைத்துக்கொள்வான். மிரண்ட மாட்டின் விலாவில் கை வைப்பதுபோல. நான் திட்டுவேன், இரும்புக்கு என்னடா தெரியும் என்று. சிரிப்பான்.

பிறகு ஒவ்வொரு தோட்டமும் ஆள் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பலரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். மாரியைத் தஞ்சோங் டாவாய் முகாமுக்கு அனுப்பினார்கள். பக்கத்தில்தானே என்று நாங்கள் சாமிக்கு நன்றி சொன்னோம். தினமும் தண்ணீர் கொண்டுபோகும்போது அவனைப் பார்த்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு தெரிந்தது.

ஒருநாள் கரியடுப்பு விரிசல் விட்டு லாரி போகவில்லை. அன்று மாலை தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்த மலாய்க்காரர் ஒருவர் முகாமில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சொல்லியனுப்பியதைச் சொன்னார். முகாமில் வாந்திபேதி. மாரியும் படுத்துவிட்டான். மிச்சமிருக்கும் தண்ணீர் நாளை மத்தியானம் வரைக்கும் காணாது. அதற்குள் தண்ணீர் வராவிட்டால் கிடப்பவர்கள் குழித்தண்ணீரைக் குடிப்பார்கள், குடித்தால் பிழைக்கமாட்டார்கள்.

விடிய விடிய அடுப்பைக் களிமண்ணும் தகரமும் வைத்து அடைத்தோம். காலையில் ஓடையில் தண்ணீர் பிடிக்கும்போது அங்கே ஒரு சிப்பாய் புதிதாக நின்றான். முகாமில் நோய் என்ற செய்தி அவனுக்கும் வந்திருந்தது போலும். மூடியைத் திறந்து பார்த்தான், மிதக்கிற வாழைத்தண்டுகளைப் பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே வீசச் சொன்னான். அழுக்கு என்றான். அவனுக்கு எப்படி விளக்குவது? கையால் அலையைக் காட்டினேன், வண்டி கவிழ்வதைக் காட்டினேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, விளக்கம் முடிந்தது. தண்டுகள் ஓடையோடு மிதந்து போயின.

எங்கள் மண்டோர் வீராசாமி அண்ணன் நல்ல மனுஷர், தோட்டத்து ஆட்களை மேய்ப்பவராக இருந்தும் யார்மேலும் கைநீட்டாதவர். அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, என்மேல் உள்ள அக்கறையில்தான் அதைச் செய்தார். “தண்டு இல்லாம பாரம் ஆடும் தம்பி. இன்னும் கொஞ்சம் தண்ணிய எறக்கிட்டு லேசாப் போ” என்று கீழ்க்குழாயைத் திறந்துவிட்டார். பாரம் குறைந்தால் ஆபத்து குறையும் என்று தலைச்சுமை தூக்குகிற எவருக்கும் தோன்றும், ஆனால் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அலைக்குத்தான் இடம் கூடும். நான் கத்திக்கொண்டு வந்து குழாயை மூடுவதற்குள் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. மறுபடி நிரப்பச் சிப்பாய் விடவில்லை. மூடியின் மேல் கம்பியைச் சுற்றி முறுக்கி ஈயமுத்திரை வைத்து, போ என்றான்.

மாரியின் இடத்தில் இப்போது பாக் மாட் வந்துகொண்டிருந்தார். தோட்டத்து வாசலில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார், ஐந்து வேளைத் தொழுகையை லாரியை நிறுத்தியாவது முடிப்பார். அன்று ஏறும்போதே, “தம்பி, வளைவுல மெதுவாப் போ லா, எனக்கு ரெண்டு பொண்டாட்டி” என்றார். நான் கியரைப் போட்டேன்.

சமதரையிலேயே அது தொடங்கிவிட்டது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் தொட்டிக்குள் தண்ணீர் எழுந்து சுவருக்குச் சுவர் அறைந்தது. அறைந்து ஓய்வதற்குள் அடுத்த பள்ளம். அதன் நடையும் என் நடையும் ஒன்றாகும்போது வண்டி தொட்டில்போல ஆடியது, நான் வேகத்தை மாற்றி மாற்றி அதை ஏமாற்றிக்கொண்டே போனேன். வேகம் குறைத்தால் நேரம் போகிறது. நேரம் போனால் மாரி போகிறான். கண்ணுக்கு முன்னால் சடக்கு தெரியவில்லை, ஒரு தகரக் குவளையும் அதை நோக்கி நீள்கிற அவன் கையும்தான் தெரிந்தன.

ஆற்றுக்கு இறங்கும் சரிவில் இரட்டை வளைவு ஒன்று உண்டு. முதலில் வலப்பக்கம் ஒடித்து, நிமிரும் முன்பே இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். வலக்கைப் பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே சேறும் ஆறும். சரிவில் இறங்கும்போது பிரேக் பாதிதான் பிடித்தது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளத் தள்ள, நான் நினைத்ததைவிட வேகமாக முதல் வளைவுக்குள் போய்விட்டேன். வலப்பக்கம் ஒடித்தேன். தண்ணீர் முழுவதும் இடப்பக்கச் சுவரில் ஏறியது. ஏறுவதை என் முதுகு கேட்டது. வலப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டனவோ என்னவோ, வண்டி ஒரு நொடி காகிதம்போல லேசானது. அடுத்து இடப்பக்கம் ஒடித்தே தீரவேண்டும். ஒடித்தால் வண்டி வலப்பக்கம் சாயும், அதே நேரம் சுவரில் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பி வலப்பக்கம் வந்து விழும். இரண்டும் சேரும். எனக்கு அது கணக்குப்போலத் தெளிவாகத் தெரிந்தது. பாக் மாட் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கியிருந்தார். நான் ஒடித்தேன். ஒடித்துவிட்டு, தள்ளு வரக் காத்திருந்தேன்.

வரவில்லை.

எப்படிச் சொல்வது. படிக்கட்டு இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போனால் உடம்பு ஒருமுறை பதறுமே, அந்தப் பதற்றம். தொட்டிக்குள் சத்தமே இல்லை. வண்டி இடப்பக்கம் கனமாக அமர்ந்தபடி வளைவைச் சுற்றி இறங்கிப் பலகைப்பாலத்துக்கு முன்னால் உள்ள சமதரைக்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். நின்றபோதும் முன்னால் தள்ளவில்லை. தொட்டி ஓட்டையாகி எல்லாம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். சடக்கில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பாலம் வரைக்கும் அங்கே சடக்கு சப்பென்று சமமாக இருக்கும். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் லாரி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. இடப்பக்கத்து ஸ்பிரிங்குகள் நசுங்கியிருந்தன, வலப்பக்கத்து ஸ்பிரிங்குகள் நிமிர்ந்திருந்தன. பாக் மாட் ஸ்பேனரை எடுத்துத் தொட்டியைத் தட்டினார். பால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நாங்கள் எப்போதும் செய்வதுதான். உள்ளே திரவம் இருக்கிற இடத்தில் தட்டினால் சத்தம் செத்துக் கேட்கும், இல்லாத இடத்தில் மணிபோலக் கேட்கும். இடப்பக்கம் அடியிலிருந்து உச்சிவரைக்கும் செத்துக் கேட்டது. அந்தப் பக்கம் சுற்றிவந்து வலப்பக்கம் தட்டினார். அடிவரைக்கும் மணிபோலக் கேட்டது. மறுபடி தட்டினார். நானும் வாங்கித் தட்டினேன். தண்ணீர் முழுவதும் ஒரு பக்கத்துச் சுவரில் சாய்ந்து, விழாமல், நின்றுகொண்டிருந்தது.

“தம்பி,” என்றார் பாக் மாட், “ஆயேர் மாத்தி.” தண்ணி செத்துப்போச்சு என்கிறார். பிறகு இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றார். நான் ஏறி உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். என் தம்பியை அவருக்கு நன்றாகத் தெரியும். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அவரும் ஏறினார். மிச்ச வழி முழுக்க ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது, நான் வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன். எந்தப் பள்ளத்திலும் அது ஆடவில்லை. இருமக்கூடப் பயமாக இருந்தது.

முகாம் வாசலில் தென்னை மரங்களுக்கு நடுவே லாரியை நிறுத்தினேன். காவல் சிப்பாய் வந்து கம்பியை வெட்டும்வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது. அதற்குள் டிரஸ்ஸர் சவரிமுத்து ஓடிவந்தார். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், கழுத்தில் சிலுவை, எதையும் நிதானமாகப் பேசுகிறவர். தம்பி உயிரோடு இருக்கிறான் என்றார். அதைச் சொன்ன விதத்தில் வேறொன்றும் இருந்தது. என்ன என்று கேட்டேன். வந்து பார் என்றார்.

அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன். கோடியில் மாரி மல்லாந்து கிடந்தான். அவன் இரண்டு கைகளும் இடப்பக்கமாக நீண்டிருந்தன. முழங்கை மடங்காமல், விரல்கள் விரிந்து, உள்ளங்கைகள் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டு. கதவைத் தள்ளிச் சாத்திப் பிடிக்கிறவனைப்போல. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்து நின்றன. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் கையை இறக்கமுடியவில்லை, இந்தக் கைகளில் நேற்று குவளை பிடிக்கத் தெம்பில்லை என்று டிரஸ்ஸர் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். வெயில் உச்சிக்கு வந்த நேரத்திலிருந்து. நான் இரட்டை வளைவில் இருந்த நேரம் அது. அவன் உள்ளங்கைகளைப் பார்த்தேன். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. வாந்திபேதியில் அப்படி ஆகும் என்று டிரஸ்ஸர் நான் கேட்காமலே சொன்னார்.

குனிந்து அவன் பெயரைச் சொன்னேன். கண் திறக்கவில்லை. உதடு அசைந்தது.

“அண்ணே. நிறுத்திட்டியா?”

“நிறுத்திட்டேன்டா.”

“விடட்டுமா?”

எனக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று இன்றுவரை தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

“விடுடா.”

கைகள் இரண்டும் மார்பில் விழுந்தன. அதே மூச்சில் வெளியே இடி இடித்ததுபோல ஒரு சத்தம். கொட்டகை அதிர்ந்தது. ஓடிவந்து பார்த்தேன். எஞ்சின் அணைந்து, ஆளில்லாமல் நின்ற லாரி வலப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, இடப்பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் சுவருக்குச் சுவர் அறைந்துகொண்டிருந்தது. முத்திரை வைத்த மூடியின் விளிம்பிலிருந்து நீர் பீச்சியது. குண்டு என்று நினைத்துச் சிப்பாய்கள் மண்ணில் படுத்துவிட்டார்கள். பாக் மாட் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அன்றோடு அவர் அந்த லாரியில் ஏறுவதை விட்டுவிட்டார், செர்டாங் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நான் கேட்டால் மட்டும் ஆமாம் என்று தலையாட்டுவார், வாயைத் திறக்கமாட்டார்.

தண்ணீர் அளவாகத்தான் இருந்தது, ஆனாலும் எல்லார் வாயிலும் போனது. காய்ச்சி, உப்பும் சர்க்கரைவள்ளிக் கஞ்சியும் கலந்து, டிரஸ்ஸர் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். மாரி பிழைத்தான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. கனவுகூட இல்லையா என்று பலமுறை கேட்டிருக்கிறேன், ரொம்பக் குளிர்ந்தது அண்ணே என்பான், அவ்வளவுதான். சண்டை முடிந்த பிறகு ஆலைக்கு வந்த இஞ்சினியர் ஒருவரிடம், யாருக்கோ நடந்ததைப்போல இதைக் கேட்டேன். தண்ணீர் சாய்ந்து நிற்காது, டிரைவருக்குச் சாராயம் அதிகமாகியிருக்கும் என்றார். நான் சாராயம் தொடுவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். ஜுரத்தில் கை விறைத்தது, சத்தம் ஏதோ கேட்டது, இரண்டையும் நான் கட்டிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல வருடங்கள் ஓட்டிவிட்டேன்.

போன வருடம் மாரியின் மனைவி செல்லம்மா சுங்கைப் பட்டாணியில் தவறிப்போனாள். கொஞ்சநாள் குடித்தனமா அது, அவளில்லாமல் அவனுக்கு ஒரு சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாது. கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது. இமை விளிம்புவரைக்கும் வந்து திரண்டது. ஒரு சொட்டாக, இரண்டு சொட்டாக வழியவேண்டிய அளவைத் தாண்டியும் திரண்டுகொண்டே வந்து கண்ணுக்கு வெளியே கண்ணாடிபோல எழும்பி நின்றது. விழவில்லை. அவன் குனிந்தான், அவள் நெற்றியைத் தொட்டான், மறுபடி நிமிர்ந்தான். நீர் அசையவில்லை. உள்ளங்கைகள் இரண்டும் தரையில் பதிந்திருந்தன, மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது. பார்த்தவர்கள், அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டான் பாவம், யாராவது அவனை அழவையுங்கள் என்றார்கள். அண்ணன்காரன் நீ சொல்லு, நீ சொன்னால் கேட்பான் என்று என் தோளைத் தொட்டார்கள்.

எழுந்து அவனருகே போனேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று முகாமில் சொன்ன அந்த ஒரு சொல்தான் சொல்லவேண்டியிருந்தது, அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே, அன்று வெளியே இடித்த சத்தமும் ஆளில்லாமல் ஆடிய லாரியும் நினைவுக்கு வந்தன.

கூடம் நிறைய, சுவரோரமெல்லாம், எங்கள் இரண்டு குடும்பத்துக் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.